கிளிப் பிடித்த மூலை

எங்கள் தெருவில் மனு எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு ஸ்டேப்ளர். இவ்வளவுதான் என் தொழில். வாய்க்கால் தண்ணீரைப் பற்றி மட்டும் ஒன்பது வருஷத்தில் நாற்பத்தொரு மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன். என் மனுவில் பணிவு போதவில்லையோ என்னவோ, ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

தெருவின் ஒரு பக்கத்து வீடுகளுக்கெல்லாம் புழக்கடையில் வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சாயப் பட்டறை. பட்டறை என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அது நாலு கட்டடமும் ஒரு புகைபோக்கியும் உள்ள பெரிய கம்பெனி. மதில் சுவரின் அடியில் ஒரு குழாய் உண்டு. விடியற்காலை ஐந்து மணிக்கு அது திறக்கும், ஏழு மணிக்கு மூடும். அந்த இரண்டு மணி நேரத்தில் வாய்க்கால் என்ன நிறத்தில் ஓடுகிறதோ, நாலைந்து நாளில் எங்கள் கிணற்றுத் தண்ணீரும் அந்த நிறத்தின் பக்கமாகச் சாயும். குடிக்கத் தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு தடவை வரும். குளிப்பதும் துவைப்பதும் கிணற்றில்தான். தெருவில் பாதிப் பேருக்குச் சோறு போடுவதும் அந்தக் கம்பெனிதான் என்பதால், திட்டுவதைக்கூட நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டுதான் திட்டுவோம்.

என் எதிர்வீட்டுக்காரர் அங்கே ஷேடு பார்க்கிறவர். தெருவில் அவருக்குப் பெயர் கலர்க்காரர். வெளியூர் வியாபாரி தபாலில் ஒரு விரல் அகலத் துணியை அனுப்பி, "இதே கலர் வேணும்" என்பான். இவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவையும் டியூப் லைட்டில் ஒரு தடவையும் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்தச் சாயத்தில் எத்தனை கிராம் என்று எழுதிவிடுவார். சின்னக் கிண்ணத்தில் துணித் துண்டைச் சாயம் போட்டு, சோப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஐந்து தடவை அலசி, காயவைத்து, பக்கத்தில் வைத்தால் எது வந்த துணி, எது போட்ட துணி என்று கண்டுபிடிக்க முடியாது. இருபத்திரண்டு வருஷம் இந்த வேலை. அலசாத துணியை அவர் கையிலிருந்து விடமாட்டார். வீட்டில் கைத்துண்டைக்கூட ஐந்து தடவை அலசுகிற மனுஷன்.

அவர் மனைவி ஓவியப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, அப்பா இறந்ததால் பாதியில் நின்றவர். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம் படம் சொல்லிக்கொடுத்தார். அந்த ஆறு மாதத்துக்காக நாங்கள் ஆயுசுக்கும் அவரை டீச்சர் என்று கூப்பிடுகிறோம். இப்போது வீட்டில் தையல் மிஷின் வைத்துக்கொண்டு தலையணை உறை தைத்துக் கொடுக்கிறார்.

அவர்களுக்கு ஒரே பெண், எட்டு வயது. இரண்டு வருஷமாக அந்தக் குழந்தைக்கு முழங்கைக்குக் கீழேயும் முழங்காலுக்குக் கீழேயும் தோல் வெடித்து நீர் வடிகிறது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்களாம். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "தண்ணிய மாத்துங்க" என்றார். தண்ணீரை எங்கே கொண்டுபோய் மாற்றுவது என்று எழுதிக் கொடுக்கவில்லை.

ஒரு நாள் குழந்தையின் வெள்ளைக் காலுறையைத் துவைத்துப் போட்டார் டீச்சர். காய்ந்ததும் பார்த்தால் காலுறை ரோஜா நிறம். வேறொரு பெண்ணாயிருந்தால் குழாய் இருக்கும் திசையைப் பார்த்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி துவைத்திருப்பார். டீச்சர் அந்தக் காலுறையை நடுக்கூடத்தில் கொடி கட்டித் தொங்கவிட்டு மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, தையலில் மிஞ்சிய வெள்ளைத் துணியைத் தலையணை உறை அளவுக்கு வெட்டி, ஒரு முனையில் கல்லைக் கட்டி, வாய்க்காலில் இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து கிளிப் மாட்டிக் காயவைத்தார். ஓரத்தில் பென்சிலால் தேதி மட்டும் எழுதினார். அப்புறம் தினமும் ஒன்று.

இதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். அலசக்கூடாது, பிழியக்கூடாது, தேய்க்கக்கூடாது, தூரிகை கிட்டே வரக்கூடாது. துணியில் சில நாள் ஒரே கருநீலம் இறங்கியிருக்கும். சில நாள் மேலே பழுப்பும் கீழே பச்சையுமாகப் பிரிந்து, நடுவில் நுரை உடைந்த வட்டங்கள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாய் திறக்கவில்லை. அன்றைய துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. அதைத்தான் அவர் எல்லாவற்றிலும் உசத்தி என்றார்.

மாடி வீட்டு அக்காவுக்கு இதைப் பார்த்தால் பொறுக்காது.

"என்ன டீச்சர், ஊரெல்லாம் துணிய அழுக்குப் போகத் துவைக்கிறாங்க. நீங்க அழுக்கு ஏறத் துவைக்கிறீங்க?"

"துவைக்கலக்கா. படம்."

"படம்னா ஒரு மரம், ஒரு மாடு, ஒரு மூஞ்சி, ஏதாச்சும் இருக்கணும்ல. இதுல ஒண்ணும் தெரியலையே."

"நல்லாப் பாருங்க. நீங்க குளிக்கிற தண்ணி தெரியும்."

அக்கா அதற்கு மேல் நிற்கவில்லை.

கலர்க்காரருக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. ஷிப்ட் முடிந்து வருவார், டீ டம்ளரோடு கொடி ஓரமாக நின்று அன்றைய துணியைப் பார்ப்பார். நான் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு நாள் சொன்னார்:

"இது மூணாம் நம்பர் மிஷின். மெரூன். ரெண்டு தடவை ஷேடு தட்டிப்போச்சு, மூணாவது தடவதான் பாஸாச்சு. அந்த ரெண்டு தடவையும் கொட்டினதுதான் இங்க இருக்கு. மேல ஓடுற ஆரஞ்சு முந்தாநாள் பாக்கி."

"அப்படியா? தேதிக்குப் பக்கத்துல எழுதி வைங்களேன்" என்றேன் நான். மனு எழுதுகிறவன் புத்தி வேறெங்கே போகும்.

டீச்சர் தையல் மிஷினை நிறுத்தினார். "வேணாம்ணா. பேரு போட்டா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. மெரூனா, சரின்னு போயிடுவாங்க. பேரு இல்லன்னாத்தான் இது என்ன, இது என்னன்னு நிப்பாங்க."

"நின்னு?" என்றார் கலர்க்காரர்.

"நின்னா போதும். இத்தன வருஷமா யாரு நின்னாங்க? அண்ணன் நாப்பத்தொரு மனு அடிச்சாரு, ஒருத்தன் படிச்சானா?"

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் கோபித்துக்கொள்ள முடியுமா.

நூற்றுப் பன்னிரண்டு துணி சேர்ந்தபோது, ஓவியர் சங்கத்தின் செயலாளர் ஒருவர் கேள்விப்பட்டு வந்து பார்த்தார். அரை மணி நேரம் நகராமல் நின்றார். அடுத்த மாதம் நூலகக் கூடத்தில் நடக்கும் கண்காட்சியில் ஒரு சுவர் முழுக்க டீச்சருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு சுவருக்கு இது போதும் என்று டீச்சரும் அத்தோடு துணி இறக்குவதை நிறுத்திக்கொண்டார். டீச்சர் அன்றைக்குக் குழந்தையின் கைக்கு மருந்து போட்டபடி பாட்டு முணுமுணுத்ததை என் முன்னறையிலிருந்து கேட்டேன். அந்த வீட்டிலிருந்து அப்படியொரு சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

ஆனால் துணிகள் வெளுக்க ஆரம்பித்தன. கூடத்து ஜன்னல் மேற்குப் பார்த்தது, வெயில் காலம் வேறு. வெயில் பட்ட இடத்தில் தொங்கிய துணிகள், முந்தியது பிந்தியது என்றில்லாமல், பழைய பில்லைப் போல மங்கிவிட்டன. கழிவுத் தண்ணீரில் வருகிற சாயம் துணியைப் பிடிக்காத சாயம், சும்மா மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று கலர்க்காரர் விளக்கினார். கிளிப் கவ்வியிருந்த மூலையில் மட்டும் வெயில் படாததால் ஒரு நகத்தளவு பழைய நிறம் அப்படியே இருந்தது.

"என்ன செய்யிறது?" என்றார் டீச்சர். "வெளுத்தா வெளுத்ததுதான். அதுவும் அதோட வேலதான்." சொன்னாரே தவிர, முகம் விழுந்துவிட்டது.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது குழந்தைக்குத் தோல் பழுத்துக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலு நாள் டீச்சர் அங்கேயே இருந்தார். அந்த நாலு நாளும் கலர்க்காரர் வேலைக்குப் போகும்போது சைக்கிள் ஹேண்டிலில் ஒரு துணிப்பை தொங்கியது. திரும்பும்போதும் தொங்கியது.

"என்ன பை?" என்று கேட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டீச்சருக்கு ஒரு சின்ன உதவி. கிளிப் மூலைய வச்சு ஷேடு எடுத்துட்டேன். வெளுத்ததெல்லாம் பழையபடி ஆக்கிட்டு இருக்கேன். லேபுல மிச்சம் மீதி கெடக்குற சாயந்தான். எங்க பழுப்பு, எங்க பச்ச, எங்க நுரைன்னு அப்படியே இருக்கு, பாருங்க."

பையைத் திறந்து காட்டினார். உண்மையில் அசந்துவிட்டேன். அந்த நுரை வட்டங்களைக்கூடப் பஞ்சால் தொட்டுத் தொட்டு வைத்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாக ஊரான் அனுப்பிய துண்டுக்கு ஷேடு போட்ட கை, முதல் தடவையாகத் தன் பெண்டாட்டிக்காகப் போட்டிருக்கிறது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் யாருக்கும் குறை சொல்ல வாய் வராது.

"டீச்சர் தொடக்கூடாதுன்னாங்களே" என்று மட்டும் கேட்டேன்.

"தொட்டது தெரிஞ்சாத்தானே தொட்டது. சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. என் பங்குத் தப்பு அங்கே ஆரம்பித்தது.

கண்காட்சியில் நூற்றுப் பன்னிரண்டு துணியும் ஏழு வரிசையாகத் தொங்கின. டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒவ்வொரு வரிசையாகக் கண்ணை ஓட்டி, "இங்க லைட் நல்லா போட்டிருக்காங்க போல. எல்லாம் எந்திரிச்சு நிக்குது" என்றார். கலர்க்காரர் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

வந்தவர்கள் பலவிதம். ஒருவர் சூரிய அஸ்தமனம் என்றார். ஒரு அம்மா, "பாத்தா மனசுக்கு என்னமோ அமைதியா இருக்கு" என்றார். கம்பெனி மேனேஜரே வந்தார். "அருமை, அருமை. எங்க ரிசப்ஷன்ல மாட்டலாம்" என்றார். தன் குழாய்த் தண்ணீர் என்று தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள்தான் ஒரு அதிகாரி வந்தார். மாசுத் தடுப்பு அலுவலகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர், இளம்வயது. படம் பார்க்கத்தான் வந்தார். பார்த்துக்கொண்டே போனவர் ஒரு துணியின் ஓரத்துத் தேதியைக் கண்டதும் நின்றார். அடுத்ததையும் படித்தார்.

"அம்மா, இது தெனமும் எடுத்ததா? ஒரு நாள்கூட விடாம?"

"ஒரு நாள்கூட விடல சார்."

"எங்க ஆளுங்க எப்பப் போனாலும் குழாய் மூடியிருக்கும். கையில ஒரு பாட்டில் தண்ணிகூட சிக்கினதில்ல. நீங்க நூத்திப் பன்னண்டு நாளத் துணியில புடிச்சு வச்சிருக்கீங்க. நாலு துணி குடுங்க. டெஸ்டுக்கு அனுப்புறேன். சாயம் போடக் கொட்டுற உப்பும் சாயக் கழிவும் இருக்குன்னு வந்துட்டா, குழாய சீல் வைக்க எனக்கு அது போதும். உங்க தெருவுக்குக் குழாய்த் தண்ணி குடுங்கன்னும் எழுதுறேன்."

டீச்சர், காய்ச்சல் விட்டுக் கூட வந்திருந்த குழந்தையைக் கிட்டே இழுத்து அணைத்துக்கொண்டார். ஒன்பது வருஷமாக நாங்கள் தேடிய ஆள், படம் பார்க்க வந்த இடத்தில் நிற்கிறார்.

அதிகாரி நிறம் தூக்கலாக இருந்த நாலு துணிகளைத் தேர்ந்தெடுத்தார். நாலும் அந்தத் துணிப்பையில் பார்த்தவை போலிருந்தன. நான் கலர்க்காரரைப் பார்த்தேன். அவர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"சொல்லிடலாமா?" என்றேன்.

"எதுக்கு? அதே கம்பெனி, அதே சாயம். டெஸ்டுல அதேதான வரும்? இப்பப் போய்ச் சொன்னா குட்டையக் கொழப்பின மாதிரி ஆயிடும்."

நியாயமாகத்தான் பட்டது. நானும் சும்மா இருந்தேன்.

விசாரணை ஒரு மாதம் கழித்து அவர் அலுவலகத்தில் நடந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் டீச்சரும் நானும். அந்தப் பக்கம் மேனேஜரும் கம்பெனி வக்கீலும். கலர்க்காரர் ஷிப்ட் உடையிலேயே வந்து சுவரோரம் நின்றார். அதிகாரி ரிப்போர்ட்டைப் படிக்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"நாலு துணியிலயும் உப்பு இல்ல. சாயம் நல்லாப் புடிக்க வச்சு, சோப்புல கொதிக்கவிட்டு, பல தடவை அலசின துணின்னு எழுதியிருக்காங்க. கழிவுத் தண்ணியில நனைச்சதுன்னு சொல்ல முடியாதாம்."

"நான் அலசவே இல்ல சார்" என்றார் டீச்சர். "ஒரு தடவகூட."

மேனேஜர் நிதானமாகச் சொன்னார்: "சார், இவங்க வீட்டுக்காரர் எங்க லேப்லதான் இருக்காரு. சாயம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவரையே கேளுங்க."

கலர்க்காரர் சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தார். "நான்தான் சார் போட்டேன். வெளுத்துப்போச்சு. திருப்பிக் கலர் ஏத்தினேன். அவளுக்குத் தெரியாது."

டீச்சர் திரும்பி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

அதிகாரி விடவில்லை. அவருக்கு இன்னும் ஒரு நூல் மிச்சமிருந்தது. "சரி. வெளுக்குறதுக்கு முன்னாடி அதுல என்ன கலர் இருந்துச்சு? அது எங்கேர்ந்து வந்துச்சு? காலைல அந்தக் குழாய்ல என்ன வருது? உங்களுக்குத் தெரியாம இருக்காது. சொல்லுங்க."

 மேனேஜர் தன் கைக்கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் மிரட்டவில்லை. மிரட்டத் தேவையிருக்கவில்லை.

"எனக்குத் தெரியாது சார்" என்றார் கலர்க்காரர். "நான் லேபுக்குள்ளயே இருக்குறவன்."

கோப்பு மூடப்பட்டது. வெளியே வரும்போது மேனேஜர் கலர்க்காரரின் தோளில் கை வைத்து, "ரெண்டு ஸ்பூன் சாயத்துக்கெல்லாம் யாரும் கணக்குப் பாக்க மாட்டோம். நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க" என்றார். அந்தக் கையை அப்போதே தட்டி எறிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நானும்தான் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கூடம் முழுக்கத் துணிகள் அடுக்கியிருந்தன, மிச்சமிருந்த நூற்றெட்டும். குழந்தை ஒரு மூலையில் சொறிந்துகொண்டே உட்கார்ந்திருந்தது. கலர்க்காரர் கட்டில் விளிம்பில், சாப்பாட்டுத் தூக்கு கையில், கிளம்புகிற கோலத்தில் இருந்தார்.

"அண்ணா, பேனா எடுத்துக்குங்க. இவரு தொடாத துணி எது எதுன்னு தேதி எழுதணும். இன்னொரு டெஸ்டு கேட்டு மனு போடணும்."

"கோப்ப மூடிட்டாங்களேம்மா."

"நாப்பத்தொண்ணு போட்டோம். நாப்பத்திரண்டாவதும் போடுவோம்." கணவரிடம் திரும்பினார். "சொல்லுங்க. எது உங்களுது, எது வாய்க்காலோடது?"

கலர்க்காரர் இறங்கி வந்து துணிகளுக்கு நடுவில் குந்தினார். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். டியூப் லைட்டைப் போட்டுப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பத்துத் துணி பார்த்திருப்பார்.

"எத்தன போட்டீங்க?"

"அம்பது, அம்பத்தஞ்சு இருக்கும்."

"எழுதி வச்சீங்களா? லேபுல ஒவ்வொண்ணையும் எழுதுவீங்களே."

"இது திருட்டு வேலையாச்சே. எழுதல."

"கிளிப் மூலையப் பாருங்க."

"மூலைக்கும் சேத்துத்தான் போட்டேன். எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு." கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "தெரியல. எனக்கே தெரியல."

அவர் வாழ்நாளில் அதுபோலச் சுத்தமாக வேலை செய்ததே இல்லை என்று நினைக்கிறேன். அந்தப் பாழாய்ப்போன கைவேலையை மெச்சவும் முடியாமல் சபிக்கவும் முடியாமல் நான் பேனாவைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

 டீச்சர் மேலே இருந்த துணியை எடுத்தார். ஓரத்தை வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

"என்ன பண்றே?" என்று எழுந்தார் கலர்க்காரர்.

"நீங்க போட்டதுல உப்பு இருக்காது. அதான் ரிப்போர்ட்ல எழுதியிருக்கே."

"அத வாயில வைக்காத. விளையாடாத. அதுல என்னென்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். உப்பு மட்டும் இல்ல. காஸ்டிக் இருக்கு, கலர் புடிக்க போடுற மருந்து இருக்கு, நாங்க தொடும்போதே கையுறை போட்டுத்தான்..."

அவர் பாதியில் நின்றார்.

"தெரியுமா?" என்றார் டீச்சர். குரலை உயர்த்தவே இல்லை. "இத நேத்து அந்த ரூம்ல சொல்லியிருக்கணும்."

துணியின் ஓரத்தை நாக்கில் வைத்தார். "சப்புன்னு இருக்கு" என்று அதை இடது பக்கம் போட்டார். அடுத்ததை எடுத்தார். வைத்ததும் முகம் சுளித்தது.

"உப்பு. எழுதுங்கண்ணா. ஜனவரி பத்தொம்போது."

எழுதினேன்.  அடுத்தது உப்பில்லை. அதற்கடுத்தது உப்பு. குழந்தை சொறிவதை நிறுத்திவிட்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஏழே முக்காலுக்குக் கம்பெனிச் சங்கு ஊதியது. கலர்க்காரர் தூக்கை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். போனவர் திரும்பி நின்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. ஆனால் நின்ற கால் வாசலுக்கு வெளியேதான் இருந்தது.

"முடிச்சதும் வாய நல்லாக் கொப்பளிச்சிடு" என்றார்.

டீச்சர் தலைநிமிரவில்லை. உதட்டு ஓரத்தில் நீலம் ஒட்டியிருந்தது.

"எந்தத் தண்ணியில?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். நான் அடுத்த தேதியை எழுதினேன்.